பெர்த் நகரத்துப் பவுன்

சிவகாசியில் ஓர் ஆஃப்செட் அச்சகத்தில் பதினான்கு வருஷம் புரூஃப் பார்த்தேன். வெடிப் பெட்டிகளில் ஒட்டுகிற லேபிள்தான் அங்கே முக்கால்வாசி வேலை. மஞ்சள், சிவப்பு, நீலம், கறுப்பு என்று நாலு மையும் பிசகாமல் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்திருக்கிறதா என்று சின்ன லென்ஸைத் தாளின்மேல் வைத்துக் குனிந்து பார்க்க வேண்டும். மயிரிழை விலகினாலும் மத்தாப்புப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற குழந்தைக்கு நாலு உதடு வந்துவிடும். சீசனில் ஒரு நாளைக்கு அப்படி நூறு குழந்தைகளைப் பார்ப்பேன்.

இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருஷம் ஆகியிருக்கும். அந்தத் தீபாவளி போனஸில் பவுன் வாங்கு என்று அம்மா பிடிவாதம் பிடித்தாள். எம். புதுப்பட்டியில் வெடி ஆலையில் சரம் பின்னிக்கொண்டிருந்தாள் அம்மா. அப்பா நான் எட்டாம் வகுப்புப் படிக்கும்போதே காய்ச்சலில் போய்விட்டார். நான் ஒரே பிள்ளை. எனக்கு முப்பது தாண்டியிருந்தது, கல்யாணம் ஆகவில்லை. அம்மாவுக்கு மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

"ரூவாயா வச்சா ஓடிப்போயிரும் தாயி. பவுனா வாங்கிப் போடு. நாளைக்கே ஒருத்தன் பாக்க வந்தா கழுத்துல ஏதாச்சும் கெடக்கணும்ல" என்றாள்.

விருதுநகர் பஜாரில் ஒரு நகைக்கடைக்குப் போனேன். புதுக் காசு கேட்டேன். கடைக்காரர் பெட்டியைத் துழாவி ஒரு பழைய காசை எடுத்து வைத்தார். ஒரு பக்கம் தலையில் முக்காடு போட்ட கிழவி ராணி. மறுபக்கம் குதிரைமேல் இருக்கிற ஒருவன் கீழே கிடக்கிற ஏதோ பாம்பு மாதிரியான பிராணியைக் குத்திக்கொண்டிருந்தான்.

"விக்டோரியா பவுனும்மா. இதுல கலப்படத்துக்கே வழியில்ல. யாராச்சும் கொண்டாந்து போட்டாத்தான் உண்டு" என்றார்.

விலை ஒன்றுதான் என்றதால் வாங்கிக்கொண்டேன். அவ்வளவு பழசை ஏன் தலையில் கட்டுகிறார் என்றுகூட அப்போது தோன்றியது.

அடுத்த நாள் மெஷின் மேஜையில் ஒரு தாள் காய்கிற இடைவெளியில், காசைப் பையிலிருந்து எடுத்து லென்ஸுக்கு அடியில் வைத்தேன். பழக்கதோஷம்தான். குதிரையின் காலுக்குக் கீழே தரை மாதிரி ஒரு கோடு. அதற்கும் கீழே வருஷம். அந்தக் கோட்டின் நடுவில் ஒரு தூசி. ஊதினேன், போகவில்லை. நகத்தால் நெருடினேன், போகவில்லை. விளக்கைத் திருப்பி வைத்துப் பார்த்தபோது அது தூசியில்லை, எழுத்து. 'எம்' என்கிற ஆங்கில எழுத்து. கடுகில் பாதிகூட இருக்காது.

அச்சுக்காரிக்கு அது சாதாரணமாகப் படுமா? வேண்டாத இடத்தில் யாரும் ஓர் எழுத்தைப் பதிக்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். மூன்று நாள் அதே நினைப்பு. நாலாம் நாள் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த பிரவுசிங் சென்டரில் ஒரு மணி நேரத்துக்குக் காசு கொடுத்து உட்கார்ந்தேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் லேபிள் இங்கிலீஷ்தான். எழுத்துக் கூட்டிப் படித்துப் புரிந்துகொண்டேன். ராணி இருந்தது லண்டனில். ஆனால் தங்கம் கிடைத்தது ஆஸ்திரேலியாவில். தங்கத்தைக் கப்பலேற்றி லண்டனுக்கு அனுப்பிக் காசடிப்பதைவிட அங்கேயே அடிக்கலாம் என்று அங்கே மூன்று ஊர்களில் நாணயச்சாலை வைத்திருக்கிறார்கள். சிட்னியில் அடித்ததற்கு 'எஸ்', மெல்போர்னுக்கு 'எம்', பெர்த்துக்கு 'பி'. லண்டன் காசுக்கு எழுத்தே கிடையாது. பெர்த்தில் நாணயச்சாலை திறந்தது ராணி சாவதற்கு ஓரிரு வருஷம் முன்னால்தான். அதனால் ராணி தலை போட்ட பெர்த் காசு கொஞ்சம்தான்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றேன். என் மணிபர்ஸில் மெல்போர்ன் இருக்கிறது என்று நினைத்தபோது எனக்கு என்னவோ செய்தது. அதுவரை நான் மதுரையைத் தாண்டிப் போனதில்லை. பள்ளிக்கூடத்தில் உலகப் படம் தொங்கும், அதில் அந்தத் தேசம் கீழே ஒரு மூலையில் தனியாகக் கிடக்கும். அங்கே யாரோ ஒரு ஆள் அச்சு இயந்திரத்தின் பக்கத்தில் நின்று, என்னைப் போலவே குனிந்து, எழுத்து சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்திருப்பான். அந்தக் காசு கப்பலேறி, எத்தனையோ கை மாறி, எம். புதுப்பட்டிக்காரிக்கு வந்து சேர்ந்திருக்கிறது. ராணி தலை போட்ட நாலு ஊர்க் காசும் வேண்டும் என்று அன்றைக்கு மனசில் விழுந்தது. ஆசை என்று சொன்னால் சின்னதாக இருக்கிறது. ஏங்கினேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

வருஷம் ஒரு காசு என்று கணக்கு. அதற்கு மேல் என் சம்பளம் தாங்காது. அடுத்த போனஸில் அதே நகைக்கடையில் எழுத்தில்லாத லண்டன் காசு கிடைத்தது. அதில் ராணிக்கு நடுத்தர வயசு, தலை உச்சியில் பொம்மைக் கிரீடம் மாதிரி ஒன்று. அதற்கப்புறம் அந்தக் கடையில் வந்ததெல்லாம் மன்னர் தலை. நான் ஒவ்வொன்றையும் லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பித் தருவதைக் கண்டு கடைக்காரருக்கே பாவமாகிவிட்டது.

"இங்கன வந்து அலையாதீக. மிளகாய் மண்டி வச்சிருக்காருல்ல ஒரு பாய், அவுக வீட்டுல பழைய பவுன் கெடக்கும். போய்க் கேளுங்க" என்றார்.

மண்டிக்குப் பின்னாலேயே வீடு. பாய்க்கு ஐம்பது வயசிருக்கும். சாக்கு மூட்டைகளுக்கு நடுவில் நின்று போனில் லோடு பேசிக்கொண்டிருந்தவர், நான் வந்த காரியத்தைச் சொன்னதும் சிரித்தார். "பவுனு வாங்க எல்லாரும் நகைக்கடைக்குப் போவாக. மிளகாய் மண்டிக்கு வந்த மொத ஆளு நீதான் தங்கச்சி" என்று வீட்டுக்குள் அனுப்பினார்.

அவருடைய மனைவி ஒரு தகர டப்பாவைக் கொண்டுவந்து தட்டில் கவிழ்த்தார். ஏழு காசுகள். நான் லென்ஸை எடுத்ததும் இரண்டு பேரும் என் தலைக்கு மேலேயே குனிந்துவிட்டார்கள். அவர்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகக் கிடக்கிற காசு, அதில் எழுத்து இருப்பது அவர்களுக்குத் தெரியாது.

"எங்க, எங்க, எனக்குக் காட்டு" என்று பாய் லென்ஸைப் பிடுங்காத குறை. "அட ஆமா! ஏ, இங்க பாரு, எஸ் போட்டிருக்கான்!"

சிட்னி. ராணி அதில் சின்னப் பெண், கொண்டையில் ரிப்பன். மறுபக்கம் குதிரை இல்லை, கிரீடம் வைத்த கேடயமும் இலை வளையமும். வளையத்துக்கு அடியில் அந்த 'எஸ்'. அதை எனக்குக் கொடுப்பதாகச் சொல்லிவிட்டார்கள். அப்புறம் அந்த அம்மா ஏதோ நினைத்துக்கொண்டு உள்ளே போய், முடிச்சுப் போட்ட கைக்குட்டையோடு வந்தார்.

"இதையும் பாருங்களேன். இதுல என்ன எழுதியிருக்கான்?"

முக்காடு போட்ட ராணி. திருப்பி, தரைக்கோட்டின் நடுவில் லென்ஸை வைத்தேன். 'பி'. நான் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்ததை அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதைக் குடுப்பீகளாக்கா?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் கைக்குட்டையை என் முன்னால் விரித்தார், காசை அதில் வைக்கச் சொல்லி. "இது எங்க மஹரும்மா. நிக்காஹ்ல இவுக எனக்குக் குடுத்தது. டப்பாவுல இருக்கிற பூராத்தையும் வேணும்னா அள்ளிக்கிட்டுப் போங்க. இதை மட்டும் கேக்காதீக."

"கேக்க மாட்டேன்க்கா" என்றேன்.

"கேக்கத்தான் வேணாம்னேன். பாக்க வரலாம்ல? எப்ப வேணும்னாலும் வாங்க."

அப்படித்தான் ஆயிற்று. அதற்குப் பிறகு இரண்டு மூன்று மாசத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போவேன். அக்கா டீ போடுவார், கைக்குட்டையை அவிழ்ப்பார், நான் பார்ப்பேன். பிறகு அதை மறந்துவிட்டு வேறென்னவெல்லாமோ பேசிக்கொண்டிருப்போம். அவருடைய மகன் சென்னையில் படித்துக்கொண்டிருந்தான், அவன் போன் பண்ணுவதில்லை என்பார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்வேன். வீடு எங்கே, வாசலில் என்ன, அக்கா என்ன சொன்னார், காசில் எழுத்து எங்கே என்று எல்லாம். அம்மா அரிசி புடைத்துக்கொண்டே, "அடுத்தவ வீட்டுப் பவுனைப் பாத்துட்டு வர்றதுக்கு ஒரு பஸ்ஸு" என்பாள். காதில் வாங்குகிறாள் என்றே நான் நினைக்கவில்லை.

மூன்று காசு சேர்ந்த அந்த வருஷம் சாத்தூர்ப் பக்கமிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை அச்சங்குளத்தில் ஒரு வெடிக் கம்பெனியில் போர்மேன். ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள். அது காலண்டர் சீசன், எனக்குச் சனிக்கிழமை சாயங்காலம்வரை வேலை இருந்தது. களைத்துப்போய் வீட்டுக்கு வந்தேன். அம்மா வாசலிலேயே நின்றாள். முகமெல்லாம் சிரிப்பு.

"கண்ணை மூடிக்கோ" என்றாள்.

மூடினேன். கழுத்தில் ஏதோ குளிர்ந்தது. திறந்து குனிந்து பார்த்தேன். என்னுடைய மூன்று காசும், ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு வளையம் பற்றவைத்து, அம்மாவின் பழைய சங்கிலியில் கோத்துத் தொங்கின.

"எம்மா! என்னம்மா பண்ணி வச்சிருக்க?"

"ஏன், நல்லால்லையா? ஆசாரிகிட்ட நானே குத்தவச்சு இருந்து பண்ணிட்டு வந்தேன். ஒரு பொட்டுப் பவுன் சிந்தவிடல."

கழற்றி விளக்கடிக்கு ஓடினேன். சிட்னிக் காசில் இரண்டு பக்கமும் ஒன்றுக்கொன்று தலைகீழாக இருக்கும். ராணியின் தலைக்கு மேலே வளையம் வைத்தால், பின்பக்கத்தில் அது இலை வளையத்தின் அடியில்தான் வரும். அங்கே பற்றவைத்த உலோகம் உருகி வழிந்து, பளபளவென்று ஒரு மேடாக நின்றது. 'எஸ்' இல்லை. எவ்வளவு திருப்பிப் பார்த்தாலும் இல்லை.

நான் அழுதேன். அழுததோடு விட்டிருந்தால் பரவாயில்லை, பேசினேன். எழுதப் படிக்கத் தெரியாதவளுக்கு எழுத்தின் அருமை எப்படித் தெரியும் என்று சொன்னேன். அந்த வார்த்தையை நான் சொல்லியிருக்கக் கூடாது.

அம்மா சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். "நீ அந்தக் காசுகளை எடுத்து வச்சுப் பாக்கிறப்ப உன் மூஞ்சி ஒரு மாதிரி இருக்கும் தாயி. அம்புட்டு அழகா இருக்கும். மத்த நேரம் அந்த மூஞ்சியை நான் பாத்ததில்ல. அதை அவுகளும் பாக்கட்டும்னுதான் கழுத்துல போட்டுவிட நெனைச்சேன். எனக்கென்ன தெரியும்?" என்றாள்.

மறுநாள் அந்தச் சங்கிலியோடுதான் நின்றேன். மாப்பிள்ளையின் அம்மா என் கழுத்தைப் பார்த்து, "மூணும் அசல் பவுனா?" என்று கேட்டார். மாப்பிள்ளை நல்லவர் மாதிரிதான் தெரிந்தார், தலையைத் தூக்கவில்லை. பத்து நாள் கழித்து, அச்சகத்துக்கு வேலைக்குப் போகிற பெண் வேண்டாம் என்று சொல்லியனுப்பினார்கள். எனக்குப் பெரிய வருத்தமில்லை. அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை.

ஆசாரியிடம் கொண்டுபோய் வளையத்தை எடுத்துவிட முடியுமா என்று கேட்டேன். "திரும்பச் சூடு காட்டுனா அடியில இருக்கிற எழுத்தும் சேந்து போயிரும். கெடக்கட்டும் விடுங்க" என்றார். விட்டுவிட்டேன். எங்களுக்குள் பேச்சு பழையபடி ஆகிவிட்டது. ஆனால் காசைப் பற்றி நானும் பேசவில்லை, அவளும் பேசவில்லை. வருஷம் ஒரு காசு வாங்குவதையும் நிறுத்தினேன். பெர்த்தைப் பார்க்க மட்டும் விருதுநகருக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

அதற்கு இரண்டு வருஷம் கழித்து ஒரு பங்குனி மாசம் அம்மா இறந்தாள். மூச்சிறைப்பு முன்னாலிருந்தே உண்டு. மதுரை ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் இருந்தாள். கடைசி இரண்டு நாள் என்னை வீட்டுக்குப் போய்த் தூங்கு, தூங்கு என்றே சொல்லிக்கொண்டிருந்தாள்.

பாயும் அக்காவும் துக்கத்துக்கு வந்தார்கள். அக்கா அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அழுத அழுகை எனக்கு அப்போது விளங்கவில்லை. அக்காவும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை என்று நினைத்திருந்தேன்.

அடுத்த வருஷம் அக்காவின் மகனுக்குக் கல்யாணம். கல்யாணத்துக்கு முதல்நாளே வர வேண்டும் என்று அக்கா சொல்லியிருந்தார். அம்மாவின் சங்கிலியைப் போட்டுக்கொண்டு போனேன். வீடு நிறையச் சொந்தக்காரர்கள். அக்கா என்னைக் கைபிடித்து உள்ளறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். கைக்குட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"இதை எம்மகன் நாளைக்கு மருமகளுக்கு மஹரா குடுக்கப் போறான். நான்தான் அவனுக்குக் குடுத்தேன். உங்ககிட்டச் சொல்லிட்டுத்தான் குடுக்கணும்னு இருந்துச்சு."

"நல்ல காரியம்க்கா. எங்கிட்ட எதுக்குச் சொல்லணும்?"

அவர் என் கழுத்துச் சங்கிலியைத் தொட்டுப் பார்த்தார். "உங்க அம்மா இங்க வந்திருந்தாக" என்றார்.

எனக்குப் புரியவில்லை. எந்த அம்மா என்றுகூடக் கேட்டேன்.

"நீங்க வேலைக்குப் போயிருந்த ஒரு நா. தனியா வந்தாக. வாசல்ல நின்னு, 'எம்மக வந்து பவுனு பாத்துட்டுப் போற வீடு இதானா தாயி'ன்னு கேட்டாக. உள்ள கூப்பிட்டு உக்கார வச்சேன். ரெண்டு காதுத் தோட்டையும் கழத்தி என் கையில வச்சாக. 'மக காசுல ஒரு எழுத்தை நான் அழிச்சுப்புட்டேன். எனக்கு வாசிக்கத் தெரியாது. இங்க ஒரு எழுத்து இருக்குதாம்ல, அதை எம்மகளுக்குக் குடுத்துருங்க, இந்தத் தோட்டை வச்சுக்கங்க, பத்தாதது மாசாமாசம் கொண்டாந்து தாரேன்'னாக."

நான் சங்கிலியைப் பிடித்துக்கொண்டேன்.

"எனக்கு மனசு கேக்கல. ஆனா எப்படிக் குடுக்க? மஹர்னு சொன்னேன், இன்னதுன்னு வெளக்குனேன். ஒரு வார்த்தை வற்புறுத்தல அவுக. 'உங்க புருசன் கட்டுறப்போ குடுத்ததா? அப்ப குடுக்கக் கூடாது தாயி, வச்சுக்கங்க'ன்னாக. நானேதான் தோட்டை அவுக காதுல போட்டுவிட்டேன். டீ குடிச்சாக. போறப்ப அவுகளே காசைக் காட்டச் சொல்லிக் கேட்டாக. எங்கன எழுத்து இருக்குன்னு கேட்டாக. வெறுங்கண்ணுக்குத் தெரியாதுன்னேன். சரின்னு விரலால தடவிப் பாத்தாக. 'எம்மககிட்ட நான் வந்தேன்னு சொல்லாதீக'ன்னு எங்கிட்டச் சத்தியம் வாங்கிட்டுப் போனாக. அவுக இருக்கிறவரைக்கும் அந்தச் சத்தியத்தைக் காப்பாத்திட்டேன்."

அக்கா அழுதார். அன்றைக்கே கொடுத்திருக்கலாம் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கொடுத்திருக்கக் கூடாது என்று நான் சொன்னேன். மனசாரத்தான் சொன்னேன்.

மறுநாள் நிக்காஹ். பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒலிபெருக்கியில் மஹர் ஒரு பவுன் என்று வாசித்தார்கள். கொஞ்ச நேரத்தில் அந்தக் கைக்குட்டை பெண்ணின் மடிக்கு வந்தது. இருபத்திரண்டு வயசுப் பெண். காசை எடுத்து இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்தவளிடம் ஏதோ சொல்லிச் சிரித்தாள். இத்தனை வருஷம் நான் ஏங்கிய காசு எட்டடி தூரத்தில் வேறொருத்தி உள்ளங்கையில் இருந்தது. என் கண் அதன்மேல்தான் இருந்தது, நினைப்பு அங்கே இல்லை. மாப்பிள்ளைக்குத் துபாயில் வேலை. இரண்டு மாசத்தில் பெண்ணும் போய்விட்டாள். காசையும் கொண்டுபோயிருப்பாள்.

அதற்குப் பிறகு தங்கம் விலை ஏறிக்கொண்டே போனது. இருந்தாலும் ஒரு வருஷம் போனஸும் சீட்டுப் பணமும் சேர்ந்து வந்தபோது, மதுரையில் பழைய நாணயம் விற்கிற ஒருவரிடம் பெர்த் காசு ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். அசல்தான். முக்காடு போட்ட ராணி, குதிரை, தரைக்கோட்டில் 'பி'. வாங்கிவிட்டேன். வீட்டுக்குக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தேன். நாலு ஊரும் சேர்ந்துவிட்டது. யாரிடம் காட்டுவது என்று தெரியவில்லை. அடுப்பங்கரைப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன், பழக்கத்தில்.

அம்மா விருதுநகருக்குப் போன அந்த நாள் எந்த நாளாக இருக்கும் என்று யோசித்து யோசித்துக் கண்டுபிடித்தேன். பெண் பார்க்க வந்தவர்கள் வேண்டாம் என்று சொன்ன அடுத்த மாசம். நான் வேலை முடிந்து வந்தபோது அம்மா விடாமல் தும்மிக்கொண்டிருந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. ஆலைக்குப் போகவில்லையா என்று கேட்டதற்கு, சாத்தூரில் ஒரு சாவு, துஷ்டி கேட்கப் போய்விட்டு வந்தேன், பஸ்ஸில் தூசி என்றாள். மிளகாய் மண்டிக்குள் போய் வந்தால் அப்படித்தான் இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? என்னமோ நான் அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. சோறு போடு என்றேன். போட்டாள்.

புதுப்பட்டியிலிருந்து சிவகாசிக்கு ஒரு பஸ், அங்கிருந்து விருதுநகருக்கு ஒரு பஸ். போர்டு படிக்கத் தெரியாது. ஒவ்வொரு பஸ்ஸாகப் போய், இது எங்க போகுதுங்கய்யா என்று கேட்டிருப்பாள். பஜாரில் இறங்கி, மிளகாய் மண்டி பாய் வீட்டுக்கு எத்தனை பேரிடம் வழி கேட்டாளோ. நான் சொன்னதையெல்லாம் காதில் வாங்கி, அவ்வளவையும் மனசில் வைத்திருந்திருக்கிறாள். போகும்போது ஒரு நம்பிக்கையோடு போயிருப்பாள். திரும்பி வரும்போது அது இல்லை. எனக்கு இப்போது காசு எதுவும் வேண்டியதில்லை. அன்றைக்குத் திரும்பி வந்த பஸ்ஸில் அவளுக்கு உட்கார இடம் கிடைத்ததா என்று மட்டும் தெரிந்தால் போதும்.